அரிய பறவைக்கு எது சான்று? சென்னையின் குளிர்காலப் பதிவுகள் குறித்த ஒரு மதிப்பாய்வு

அடையாற்றின் கழிமுகத்திலோ கிண்டிப் பூங்காவின் புதர்க்காட்டிலோ வழக்கமாகக் காணப்படாத பறவை ஒன்றைக் கண்டதாக ஒருவர் தெரிவித்தால், அதை எந்தச் சான்றின் பேரில் ஏற்பது என்னும் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடையை முன்வைத்திருக்கிறது. கொன்று பதப்படுத்திய உடல், பயின்ற கண்ணின் சாட்சியம், வல்லுநர் குழுவின் தீர்ப்பு, ஒளிப்படம், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து திரட்டிய தரவு என அந்த விடைகள் நீள்கின்றன. இவற்றை ஒன்றையொன்று வென்று வந்த படிநிலைகளாகக் காட்டுவது பறவையியல் வரலாற்று நூல்களில் வழக்கம். ஆனால் இந்த விடைகள் எல்லாம் ஒரே கேள்விக்கு அளிக்கப்பட்டவை அல்ல என்று கருத இடமுண்டு. கண்ட பறவை எது, அது எங்கே இருந்தது, அங்கே எப்படி வந்தது என்பவை மூன்று தனிக் கேள்விகள். ஒவ்வொரு சான்று முறையும் இவற்றில் ஒன்றுக்கு உறுதியாகவும் மற்றவற்றுக்குத் தளர்வாகவும் விடையளிக்கிறது. சென்னையின் தென்பகுதியும் நடுப்பகுதியும் இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கு ஏற்ற இடங்கள்.

எது வழக்கம், எது அரிது

சென்னையில் குளிர்காலம் என்பது பறவை நோக்குவோரின் நாட்காட்டியில் மட்டுமே தெளிவாக இருக்கும் ஒரு பருவம். மத்திய ஆசிய வான்வழி என்று அழைக்கப்படும் வலசைப் பாதையில் சைபீரியா, மத்திய ஆசியா, திபெத்திய மேட்டுநிலம், இமயமலை ஆகிய பகுதிகளிலிருந்து வரும் பறவைகள் ஆகஸ்ட் இறுதியிலேயே கடலோரச் சேற்றில் இறங்கத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை நீர்நிலைகளை நிரப்பிய பின் எண்ணிக்கையில் பெருகி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்புகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன் ஆகியவையும், அடையாற்றின் முகத்துவாரத்தில் கொசு உள்ளான், உப்புக்கொத்தி வகைகளும், கிண்டி தேசியப் பூங்காவிலும் பிரம்மஞான சபையின் தோப்பிலும் அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி, ஆறுமணிக்குருவி ஆகியவையும் இந்தப் பருவத்தில் எதிர்பார்க்கத்தக்கவை.

எதிர்பார்ப்பு என்பது பழைய பதிவுகளிலிருந்தே உருவாகிறது. அந்தப் பழைய பதிவுகள் சார்ந்திருந்த நிலம் பல இடங்களில் இன்று இல்லை. தியாகராய நகரின் பெரும்பகுதி 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றச்செய்து எழுப்பப்பட்டது. அந்த ஏரியில் குளிர்காலத்தில் எந்த வாத்துகள் எத்தனை இறங்கின என்பதற்கு இன்றைய அளவுகோலுக்கு ஈடான கணக்கு எதுவும் இல்லாததால், அங்குள்ள பனகல் பூங்காவின் மேலே இன்று ஒரு நீர்ப்பறவைக் கூட்டம் பறந்து செல்வது வழக்கத்துக்கு மாறானதா, வழக்கம் தேய்ந்ததன் மிச்சமா என்று முடிவுசெய்வது கடினம். பல ஆயிரம் ஹெக்டேர் பரப்பிலிருந்து சுருங்கிய பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்ற தகுதி கிடைத்தது. அங்கே பூநாரைகள் கூட்டமாகத் தென்படுவது சில பத்தாண்டுகளுக்கு முன்பு செய்தியாகியிருக்கும். இன்று அது பருவத்தின் இயல்பான காட்சி. அரிது என்ற சொல் பறவையின் பண்பை மட்டும் குறிப்பதில்லை; எந்த ஆண்டோடு, எந்த நிலத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது.

துப்பாக்கியும் அருங்காட்சியக இழுப்பறையும்

சென்னைப் பறவைகளைப் பற்றிய மிகப் பழைய அறிவியல் பதிவு, புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி இங்கிலாந்துக்கு அனுப்பிய ஓவியங்களிலிருந்து உருவானது. 1713இல், ஜான் ரேயின் மறைவுக்குப் பின் வெளியான பறவை நூலின் பிற்சேர்க்கையில் அவை இடம்பெற்றன. வெண்புருவ வாலாட்டியின் அறிவியல் பெயரில் மதராசப்பட்டினத்தின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மரபின் எச்சம். ஓவியம் சான்றாக ஏற்கப்பட்ட அந்தக் கட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் படை மருத்துவரான தாமஸ் ஜெர்டன், 1839ஆம் ஆண்டு முதல் இந்நகரின் அறிவியல் இதழில் தீபகற்பப் பறவைகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கிய காலத்தில், ஒரு பறவையை அறிவது என்பது அதைச் சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, சீட்டு கட்டி வைப்பதாக மாறியிருந்தது. 1851இல் நிறுவப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகம் உள்ளூரிலும், 1885இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அளித்த பெருந்தொகுப்பு பேரரசின் அளவிலும் இந்த முறையின் களஞ்சியங்கள்.

பதப்படுத்திய உடலே முதன்மைச் சான்று என்ற நிலைப்பாட்டின் வலிமையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உடல் இருந்தால், அதைச் சேகரித்தவர் அறியாத கேள்விகளைக்கூடப் பிற்காலத்தவர் அதனிடம் கேட்கலாம். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஹியூம் 1867இல் சட்லஜ் பள்ளத்தாக்கில் எடுத்த ஒற்றை நாணல் கதிர்க்குருவி. அது தனி இனமா, வேறொன்றின் விசித்திர வடிவமா என்ற ஐயம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. 2002இல் அதன் மரபணுவை ஆய்ந்தவர்கள் அது தனி இனம் என்று காட்டினர். 2006இல் தாய்லாந்தில் உயிருள்ள பறவை ஒன்று வலையில் சிக்கியது. அதன் பிறகு அருங்காட்சியக இழுப்பறைகளைத் தேடியபோது, வேறு இனமாகச் சீட்டெழுதப்பட்டிருந்த மேலும் பத்து உடல்கள் வெளிப்பட்டன. அவை பெரும்பாலும் பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று பெயரிடப்பட்டுக் கிடந்தவை. அந்தக் குருவியோ சென்னைத் தோட்டங்களில் ஒவ்வொரு குளிர்காலமும் புதருக்குள்ளிருந்து அதட்டிக்கொண்டிருக்கும் மிகச் சாதாரணமான வலசைப் பறவை. கையில் பிடித்து அளந்து பார்த்த வல்லுநர்களே இத்தனை காலம் தவறவிட்டிருக்க, தொலைவிலிருந்து நோக்குவோரின் உறுதி எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வி இங்கே நியாயமாகவே எழுகிறது.

இந்த முறையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. உடல் எது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. இடமும் நாளும் சேகரித்தவர் எழுதிய சீட்டில் மட்டுமே உள்ளன. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில பத்தாண்டுகள் நம்பமுடியாத எண்ணிக்கையில் கிடைத்த அரிய பறவைகள், பெரும்பாலும் பறவை உடல்களைப் பாடம் செய்யும் ஒரே ஒருவரின் கடை வழியாக வந்தவை என்பது கவனிக்கப்பட்டு, 1962இல் அந்தப் பதிவுகள் ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்யப்பட்டன. இந்தியாவில் இதனினும் பெரிய சேதம் பறவை சேகரிப்பாளரான ரிச்சர்ட் மைனர்ட்ஷாகனால் ஏற்பட்டது. பிறர் சேகரித்த உடல்களைக் களவாடி, வேறு இடமும் நாளும் எழுதித் தம்முடையதாக ஆக்கிக்கொண்ட அவருடைய செயலை 1990களில் ஆலன் நாக்ஸ், பமீலா ராஸ்முசன், ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸ் ஆகியோர் அடுத்தடுத்து வெளிக்கொணர்ந்தனர். மத்திய இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தையை 1914இல் குஜராத்தில் எடுத்ததாக அவர் எழுதிய சீட்டு, அதைத் தேடியவர்களைத் தவறான இடங்களுக்கு அனுப்பியது; அந்தச் சீட்டைப் பொய்யென ஒதுக்கிய பிறகே 1997இல் மகாராஷ்டிரத்தில் அப்பறவை மீண்டும் கண்டறியப்பட்டது. உறுதியான சான்று என்று கருதப்பட்ட பொருளே ஒரு தேடலைத் திசைதிருப்பியது.

இன்றைய நிலையில் இந்த முறையின் நன்மை தீமைகளை வாதிடுவது ஓரளவு பொருளற்றது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அனுமதியின்றிப் பறவையைக் கொல்வது குற்றம். அதன் இடத்தை ஓரளவு நிரப்புவது வளையமிடுதல்: பறவையை வலையில் பிடித்து, அளந்து, காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விடுவது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1959இல் தொடங்கிய வலசை ஆய்வின் தொடர்ச்சியாகக் கோடியக்கரையில் நடத்திய வளையமிடுதல், தமிழ்நாட்டுக் கடலோரப் பறவைகளைப் பற்றிய அறிவின் முதுகெலும்பு. அந்த வலைகளை விரித்தவர்களில் பலர் பீகாரின் மரபுவழிப் பறவை பிடிப்போரான மிர்ஷிகார்கள். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஜெர்டன் கல்குருவி 1986இல் ஆந்திரத்தில் கிடைத்ததும் ஒரு கிராமத்தவரின் வேட்டைத் திறத்தால்தான். பறவை பிடிப்போரின் அறிவு கட்டுரைகளில் நன்றியுரைக்கு மேல் இடம்பெற்றதில்லை என்பது இந்தத் துறையின் பழைய குறை. நரிக்குறவர்கள் சென்னையின் சுற்றுப்புறத்தில் எவ்வளவு கண்டிருப்பார்கள் என்பதற்கு எழுத்தில் ஏதும் இல்லை.

பயின்ற கண்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொலைநோக்கி மலிந்ததோடு, பறவையைக் கொல்லாமலே இனங்காண முடியும் என்ற நிலைப்பாடு வலுப்பெற்றது. அமெரிக்காவில் லட்லோ கிரிஸ்கம் களத்தில் செய்து காட்டியதை, ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் வெளியிட்ட கையேடு பொதுமக்களுக்குக் கொண்டுசென்றது. இந்தியாவில் 1928இல் ஹியூ விஸ்லரின் நூலும், 1941இல் சாலிம் அலியின் நூலும் அதே பணியைச் செய்தன. சென்னையில் இந்த மரபின் தலைசிறந்த எழுத்தாளர் மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன். 1950 முதல் 1996இல் தாம் மறையும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் தொடர் பத்தி எழுதிய அவர், அரிய பறவையைத் தேடிச் செல்வதைவிட வீட்டு மாடியிலும் தெருவிலும் தென்படுவதைப் பல ஆண்டுகள் கூர்ந்து பார்ப்பதையே விரும்பினார். 1978இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் சங்கம், தன் இதழின் வாயிலாக இத்தகைய பார்வைப் பதிவுகளுக்கு ஒரு நிலையான இடத்தை அளித்தது.

பார்வைப் பதிவு, இடத்தையும் நாளையும் பற்றி நேரடியாகப் பேசுகிறது. எது என்ற கேள்வியில்தான் அது தடுமாறுகிறது. ஒளி, தொலைவு, எதிர்பார்ப்பு, முந்தைய வாரம் அதே இடத்தில் யாரோ கண்டதாகக் கேள்விப்பட்டது ஆகிய எல்லாம் கண் காண்பதைத் திருத்துகின்றன. இதற்கு மருந்தாக முன்வைக்கப்பட்டது பதிவுக்குழு என்னும் அமைப்பு: கண்டவர் எழுதித் தரும் விவரணையை அனுபவம் மிக்க சிலர் சேர்ந்து படித்து ஏற்பதோ மறுப்பதோ. பிரிட்டனில் 1959இல் அமைந்த குழுவே பிற நாடுகளுக்கு முன்மாதிரி. இந்தியாவில் இதற்கு நெருக்கமான முயற்சி, ஜெ. பிரவீண், ஆர். ஜெயபால், ஆசீஷ் பிட்டி ஆகியோர் 2013 முதல் இந்தியன் பேர்ட்ஸ் இதழில் வெளியிட்ட அரிய பறவைகள் பற்றிய மறு ஆய்வுகளும், அவர்களே 2016இல் தொகுத்த 1,263 இனங்கள் கொண்ட நாட்டுப் பட்டியலும் ஆகும். நீண்டகாலம் எவரும் கேள்வி கேட்காமல் நூலுக்கு நூல் நகலெடுக்கப்பட்டு வந்த பல பதிவுகள் அப்போதுதான் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன.

குழு முறைக்கு எதிரான வாதமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. விவரணையை மட்டும் படிக்கும் குழு, நன்றாக எழுதத் தெரிந்தவரை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவராக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதாத நோக்குநருக்கு அது இரட்டிப்பாகப் பாதகம். ஹேஸ்டிங்ஸ் பதிவுகளில் தள்ளப்பட்ட இனங்களில் பெரும்பாலானவை பின்னாளில் வேறு நம்பகமான சான்றுகளோடு பிரிட்டனில் காணப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதிவு பொய்யாக இருப்பதும் பறவை வந்திருக்க முடியாது என்பதும் ஒன்றல்ல.

ரெக்கார்டு ஷாட்

எண்மக் கேமரா பரவிய பிறகு, சென்னைப் பறவை நோக்குவோர் ரெக்கார்டு ஷாட் என்று அழைக்கும் படம், அழகுக்காக அல்லாமல் அடையாளத்துக்காக எடுக்கப்படும் மங்கலான படமானாலும், நடைமுறையில் பெரும்பாலான விவாதங்களை முடித்துவைக்கிறது. படமில்லாத அரிய பதிவை நம்புவதற்கான விருப்பம் குறைந்துவருகிறது என்றுகூடச் சொல்லலாம். இது முன்னேற்றமே. ஆனால் உடலைப் போலவே படமும் எது என்பதற்கே முதன்மையாகச் சான்று. அது எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கு எடுத்தவரின் சொல்லே ஆதாரம். சீட்டைப் பற்றி எழுந்த பழைய ஐயம் படத்தின் நாள், இடக் குறிப்புகளையும் தொடர்கிறது. படத்தைக் கணினியில் உருவாக்குவதும் மாற்றுவதும் எளிதாகிவிட்ட நிலையில், எது என்ற பகுதியும் முன்போல் உறுதியாக இல்லை.

படம் தீர்க்காத இனக்குழுக்கள் சிலவும் உண்டு. கோரை உள்ளான்கள் அவற்றில் பழையவை. சாதாரணக் கோரை உள்ளானையும் ஊசிவால் கோரை உள்ளானையும் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பைக் கொண்டு ஓரளவு பிரிக்கலாம். ஊசிவாலையும் ஸ்வின்ஹோ கோரை உள்ளானையும் பிரிக்க வாலின் வெளியிறகுகளைக் காண வேண்டும். ஊசிவாலுக்கு அவை ஊசிபோல் மெலிந்தவை, எண்ணிக்கையிலும் மிகுதி. பறவை வாலை விரிக்கும் நொடி படத்தில் அமையாவிட்டால் நேர்மையான விடை, தெரியவில்லை என்பதே. ஆயினும் பட்டியல்களில் இனப்பெயரே எழுதப்படுகிறது; பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும் இனத்தின் பெயர்.

இதனினும் சிக்கலானது, இனத்தின் எல்லையே நகர்வது. அடையாற்று முகத்துவாரத்திலும் எண்ணூரிலும் குளிர்காலம் கழிக்கும் சிறிய மணல் உப்புக்கொத்தி, நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டது. 2022இல் வெளியான மரபணு ஆய்வு அதைத் திபெத்திய, சைபீரிய என இரண்டாகப் பிரித்ததோடு, திபெத்தியது சைபீரியதைவிடப் பெரிய மணல் உப்புக்கொத்திக்கே நெருங்கிய உறவு என்றும் காட்டியது. உலகப் பட்டியல்கள் அந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டன. இந்தியாவில் வழக்கமானது திபெத்தியது. அப்படியானால் பழைய குறிப்பேடுகளில் சிறிய மணல் உப்புக்கொத்தி என்று எழுதப்பட்ட எல்லாவற்றையும் திபெத்தியது என்று மாற்றி எழுதுவதா, இனம் உறுதி செய்யப்படாதவை என்று விடுவதா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. முதலாவது வசதியானது; அது அரிய சைபீரியப் பறவை ஒன்று பழைய பதிவுகளுக்குள் மறைந்திருக்கும் வாய்ப்பை அழித்துவிடுகிறது. நாணல் கதிர்க்குருவியின் கதையை நினைவில் கொண்டால் இரண்டாவதே பொறுப்பானது எனத் தோன்றுகிறது.

செவியின் சான்று

ஒலியால் இனங்காண்பது இவ்விவாதத்தில் எப்போதும் ஓரத்தில் நின்ற நிலைப்பாடு. இங்கிலாந்தின் கில்பர்ட் வைட், 1789இல் வெளியான தம் நூலில், ஒரே போலத் தோன்றிய மூன்று இலைக் கதிர்க்குருவிகளைப் பாட்டைக் கொண்டு பிரித்திருந்தார். சென்னையில் குளிர்காலத்துக்கு வரும் இலைக் கதிர்க்குருவிகளையும் அனுபவசாலிகள் ஓரிரு அசைக் குரலைக் கொண்டே அறிகின்றனர். மர உச்சியில் அசையும் பச்சை நிழலை வேறெப்படியும் அறிய இயலாது. அண்மை ஆண்டுகளில் கைபேசிச் செயலிகள் இதைத் தாமே செய்யத் தொடங்கியதால் புதிய சிக்கல் ஒன்று பிறந்துள்ளது. இயந்திரம் சொன்ன பெயரைக் கண்டவர் தம் கண்டுபிடிப்பாகப் பதியும்போது, அங்கே சாட்சியாக நிற்பவர் யார் என்பது தெளிவாக இல்லை. ஒலிப்பதிவு இணைக்கப்பட்டிருந்தால் அது மறு ஆய்வுக்கு உட்படும்; இல்லையேல் அது பார்வைப் பதிவைவிட வலிமை குறைந்தது.

கூண்டிலிருந்தா, காற்றிலிருந்தா

எது, எங்கே ஆகிய இரண்டும் ஐயமறத் தெளிந்த பிறகும், பறவை தானாக வந்ததா என்ற கேள்வி நகரங்களில் தனித்து நிற்கிறது. 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டும், இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தையும் சென்னையில் கூண்டுப் பறவை வணிகத்தின் நெடிய வரலாற்றைக் காட்டுகின்றன. உள்நாட்டுப் பறவைகளின் வணிகம் 1990களின் தொடக்கத்தில் தடைசெய்யப்பட்டாலும் முற்றிலும் மறையவில்லை. வெளிநாட்டுப் பறவைகளின் விற்பனை தொடர்கிறது. ஆகவே மயிலாப்பூரின் நாகேஸ்வர ராவ் பூங்காவில் தென்படும் அறிமுகமற்ற குருவி ஒன்றுக்கு வலசையைவிட அவிழ்ந்த கூண்டுக் கதவு எளிய விளக்கமாக இருக்கக்கூடும். நகரில் காணப்படும் பெரிய பச்சைக்கிளிகள்கூடத் தப்பிய பறவைகளின் வழிவந்தவையாக இருக்கலாம் என்ற கருத்து நிலவுகிறது.

தேய்ந்த இறகு, மழுங்கிய நகம், மனிதரிடம் அச்சமின்மை ஆகியவற்றைக் கூண்டு வாழ்வின் அடையாளங்களாகக் கொள்வது வழக்கம். இவற்றில் எதுவும் தனியே முடிவானதல்ல. நெடுந்தொலைவு பறந்து களைத்த பறவையும் அச்சமின்றி நிற்கும்; அக்டோபரில் இரவோடிரவாக நகரத்தில் இறங்கும் ஆறுமணிக்குருவிகள் வீட்டுக் கொல்லைகளிலும் மாடிப்படிகளிலும் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டு அவற்றை யாரோ வளர்த்தவை என்று எண்ணுவோர் உண்டு. எதிர்ப்புறத்தில், வங்கக் கடலின் புயல்கள் ஆழ்கடலுக்குரிய ஆலாக்களையும் பிரிகேட் பறவைகளையும் கரைக்குத் தள்ளுகின்றன. அத்தகைய பதிவுகளுக்கு வானிலைக் குறிப்பே பாதிச் சான்று. பறவையின் வருகையை விளக்கும் காற்று உண்டா என்று கேட்பது நியாயமான சோதனை. ஆனால் காற்று இருந்தது என்பதாலேயே அடையாளமும் சரியாகிவிடாது. புயலுக்கு மறுநாள் கடற்கரைக்கு விரைவோர் அரிய பறவையை எதிர்பார்த்தே செல்கின்றனர்.

நோக்குநரின் நிலப்படம்

கடந்த பத்தாண்டுகளில் மேலோங்கியுள்ள நிலைப்பாடு, தனிப்பதிவின் உண்மையைவிடப் பதிவுகளின் திரளை முன்னிறுத்துகிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இபேர்ட் இந்தியாவிலும் பரவியதும், 2015 முதல் தமிழ்நாட்டில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு புதியவர்களை ஈர்த்ததும் இதன் பின்னணி. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோக்குநர்களின் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. இந்த முறையில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பருவத்துக்கும் எதிர்பார்க்கத்தக்க உச்ச எண்ணிக்கை வடிகட்டியாக அமைக்கப்படுகிறது; அதை மீறும் பதிவைத் தன்னார்வ மதிப்பாய்வாளர் விவரம் கேட்டுச் சரிபார்க்கிறார். உறுதிப்படாதது பொதுப் பார்வைக்கு வருவதில்லை.

பெருந்திரளில் தனிப் பிழைகள் கரைந்துவிடும் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை. எல்லாத் திசையிலும் சமமாக நிகழும் பிழைகளைப் பொறுத்தவரை அது சரி. ஒரே திசையில் சாயும் பிழை எண்ணிக்கை கூடக் கூட வலுக்கவே செய்யும். கோரை உள்ளான்களில் எதிர்பார்க்கப்படும் இனத்தின் பெயரே மீண்டும் மீண்டும் எழுதப்படுவது அத்தகையது. வடிகட்டி பழைய பதிவுகளிலிருந்து உருவாவதால், பழைய எதிர்பார்ப்பு புதிய பதிவுகளைத் தேர்ந்தெடுக்கிறது. எதிர்பாராத வண்ணப்பறவை கேள்விக்கு உள்ளாகிறது; எதிர்பார்த்த பெயரில் தவறாக எழுதப்பட்ட மங்கல் நிறப் பறவை கேள்வியின்றிக் கடந்துவிடுகிறது.

இடங்களும் இதே போலச் சாய்ந்துள்ளன. 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட கிண்டிப் பூங்காவையும், அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தையும், ஏறத்தாழ 260 ஏக்கர் கொண்ட பிரம்மஞான சபையின் தோப்பையும், அடையாற்றின் உடைந்த பாலத்தையும் இணைத்தால் வரும் சிறுவட்டத்துக்குள் நோக்குநர்கள் செலவிடும் நேரம் அதே அளவுள்ள எந்த வடசென்னைப் பகுதியையும்விடப் பெரிது. தென்சென்னை அரிய பறவைகளால் செழித்தது என்ற எண்ணத்தின் ஒரு பகுதி வாழிடத்தின் செழிப்பு. மற்றொரு பகுதி படித்த நடுத்தர வர்க்கத்தின் குடியிருப்பும் ஞாயிறு காலை ஓய்வும். இரண்டின் விகிதத்தைப் பிரித்தறிய, செலவிட்ட நேரத்தைப் பதிவு செய்த முழுப் பட்டியல்கள் உதவுகின்றன. தம் வாழ்நாளில் முதன்முறை காணும் இனத்தை லைஃபர் என்று கொண்டாடி, அது தென்பட்ட இடத்துக்கு விரைந்து, அந்த ஒன்றை மட்டும் பதிந்து திரும்புவோரின் பதிவுகள் அதற்கு உதவுவதில்லை. நுழைவு அனுமதியும் இங்கே ஒரு காரணி: வளாகங்கள் மூடப்படும் ஆண்டில் பறவை குறைந்ததுபோலத் தோன்றும்.

எஞ்சியுள்ள ஐயங்கள்

மேற்கண்ட நிலைப்பாடுகளை ஒப்பிடும்போது, எந்த ஒன்றும் மற்றவற்றைத் தேவையற்றதாக்கவில்லை என்று கூறுவதே பாதுகாப்பானது. களத்தில் நின்று நூலைத் திறக்கும் முன் எழுதிய விவரணை, படத்துக்குப் பழையதொரு மாற்றாக மட்டும் கருதப்பட வேண்டியதில்லை. பறவை எவ்வளவு நேரம் இருந்தது, எந்தக் கூட்டத்தோடு வந்தது, எப்படி நடந்தது, எத்தனை பேர் கண்டனர், காற்று எத்திசையில் வீசியது என்பனவற்றைப் படம் சொல்வதில்லை. எங்கே, எப்படி ஆகிய இரு கேள்விகளுக்கும் அவையே விடைக்கு அருகில் கொண்டுசெல்பவை. இந்த எழுத்துப் பழக்கம் சென்னையில் தேய்ந்துவருவதாகத் தோன்றுவது, படமெடுப்பது பெருகியதன் கவனிக்கப்படாத விலையாக இருக்கலாம்.

சில வினாக்களுக்கு இப்போதுள்ள முறைகள் விடையளிக்கப் போதா. இன எல்லைகள் மாறும்போது பழைய பதிவுகளை யார், எந்த விதியின்படி திருத்துவது என்பது அவற்றில் ஒன்று. கூண்டிலிருந்து தப்பியதாகக் கருதி ஒதுக்கிய பதிவுகளை எங்கே சேமிப்பது என்பது மற்றொன்று; அவற்றை அழித்துவிட்டால், நிலைபெறப்போகும் அயலினத்தின் முதல் ஆண்டுகளும் சேர்ந்தே அழியும். மிகக் கடினமானது, காணாமையைப் பதிவு செய்வது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகு, தோப்புகளின் நிழலைச் சார்ந்த வலசைப் பறவைகள் அடையாற்றில் குறைந்தனவா, வேறு தோட்டங்களுக்கு இடம்பெயர்ந்தனவா என்று உறுதியாகச் சொல்ல, புயலுக்கு முன்பும் பின்பும் ஒரே தடத்தில், ஒரே நேர அளவில், எதுவும் தென்படாத காலைகளையும் சேர்த்து எழுதப்பட்ட பட்டியல்கள் தேவை. அரிய பறவை தென்பட்ட நாட்களின் குறிப்புகள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. ஒன்றும் தென்படாத நாட்களின் குறிப்புகள் கிண்டிக்கும் அடையாற்றுக்கும் வெளியே, தியாகராய நகர், மயிலாப்பூர் பூங்காக்களுக்கு, இன்னும் மிகச் சிலவே.